தண்டோடு வாங்கிய பூவைப் பூச்சாடியில் வைப்பது எப்படி

பூ நமக்குப் புதிதில்லை. முழம் போட்டு வாங்கத் தெரியும், கட்டத் தெரியும், காலைவரை வாடாமல் ஈரத்துணியில் சுற்றி வைக்கத் தெரியும். அந்தக் கைப்பழக்கத்தையே தண்டோடு வாங்கிய பூவுக்கும் காட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. சரத்தில் கட்டிய மல்லிகைக்குக் குடிக்க வழியில்லை. அதனால் மேலே தண்ணீர் தெளிக்கிறோம். ரோஜாவும் ஆர்க்கிட்டும் சாமந்தியும் தண்டின் அடிவெட்டு வழியாகக் குடிக்கின்றன. அவற்றின் மேல் தெளிக்கும் தண்ணீர் சிங்கப்பூரின் ஈரக்காற்றில் சீக்கிரம் காயாது. இதழ்களுக்கு நடுவே தங்கும், பழுப்புப் புள்ளி விழும், இரண்டு நாளில் சாம்பல் நிறப் பூசணம் படரும்.

ஆகவே தெளிப்பதை மறந்துவிடுங்கள். அடிவெட்டு அடைபடாமல் இருக்க வேண்டும், சாடித் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். பூச்சாடி வேலையில் முக்கால் பங்கு இதுதான். அழகாக அடுக்குவது மீதிக் கால் பங்கு, அது வெளியிலிருந்து பார்க்கத் தோன்றுவதைவிட எளிது.

எங்கே, எதை வாங்குவது

தேக்கா சந்தையிலும் பஃபளோ ரோட்டிலும் சரமும் மாலையும்தான் அதிகம் என்றாலும், தண்டோடு சாமந்தி, சம்பங்கி, தாமரை மொட்டு எல்லாம் கிடைக்கும். அக்கம்பக்கத்து ஈரச்சந்தையில் உள்ள சீனர் பூக்கடை இன்னும் வசதி. சந்திர மாதத்தின் 1ஆம், 15ஆம் நாள்களில் சீனர்கள் சாமிக்குப் பூ வைப்பார்கள். அதற்கு முந்தின நாள் போனால் சரக்கு நிறையவும் புதிதாகவும் இருக்கும். அந்த நாள் கழிந்த மறுநாள் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மீந்துபோனது. சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரமும் பிப்ரவரி 14க்கு முந்தின நாள்களும் விலை ஏறும். கற்றுக்கொள்ள அது நேரமில்லை.

முதல்முறை வைப்பவர் ஆர்க்கிட்டிலும் சாமந்தியிலும் தொடங்குவது நல்லது. இரண்டும் இந்த வெயிலைத் தாங்கும். மொகாரா, டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுகள் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10 நாள் முதல் 2 வாரம்வரை நிற்கும். கேமரன் மலையிலிருந்து வரும் கிளைச் சாமந்தியும் அதே அளவு. அந்தூரியம் இன்னும் அதிகம். ரோஜா 5 நாள் இருந்தால் திருப்திப்படுங்கள். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமைச் சாடியில் வைக்க ஆசைப்பட வேண்டாம், அதன் பூ சில நாள்களில் வாடிவிடும். அது செடியில் பார்த்து ரசிக்கவேண்டிய பூ. குட்டிக் குட்டி வெள்ளைப் பூவாக இருக்கும் ஜிப்சோபிலாவைக் கடைக்காரர் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தாலும் யோசியுங்கள். நம் ஈரப்பதத்தில் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், நாற்றமும் அடிக்கும்.

புதிதா, பழசா என்று பார்க்கும் இடம் பூவுக்குப் பூ வேறு. ரோஜாவில் இதழ்களுக்குக் கீழே இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் புதிது, பஞ்சுபோல் அமுங்கினால் பழையது. சாமந்தியின் நடுப்பகுதி இறுக்கமாகவும் சற்றே பச்சையாகவும் இருக்க வேண்டும். அதன் இலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும், மஞ்சளாகத் தொங்கினால் வேண்டாம். ஆர்க்கிட் கொத்தில் அடிப்பூக்களைப் பாருங்கள். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் இதழ் இருந்தால் அந்தக் கொத்துக்கு ஆயுள் குறைவு. நுனியில் இரண்டு மூன்று மொட்டு இருப்பது நல்லது. பாதிக்குமேல் மொட்டாக இருந்தால் அவை பெரும்பாலும் விரியாமலே உதிரும். லில்லியில் ஒரு மொட்டாவது நிறம் காட்டியிருக்க வேண்டும். எந்தப் பூவானாலும் கொத்தை வாளியிலிருந்து தூக்கி அடித்தண்டைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

சீன நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் வெள்ளை, மஞ்சள் சாமந்தியைத் தவிர்ப்பது மரியாதை. அவர்களுக்கு அது துக்க வீட்டுப் பூ. இன்னொன்று, செலவில்லாமல் பூங்காவில் நான்கு தண்டு வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம், சட்டப்படி குற்றம்.

வாங்கியதும் நேராக வீட்டுக்கு வாருங்கள். செய்தித்தாளில் தலையை மூடிச் சுற்றினால் பேருந்திலும் எம்ஆர்டியிலும் குளிர்காற்று நேரே படாது. கார் என்றால் பின்பெட்டியில் வைக்காதீர்கள். வெயிலில் நின்ற வண்டியின் பின்பெட்டியில் அரை மணி நேரம் போதும் ரோஜா தலை தொங்க.

தேவையான சாமான்

20 சென்டிமீட்டர் உயரம், 8 முதல் 10 சென்டிமீட்டர் வாயுள்ள நேரான கண்ணாடிச் சாடி ஒன்று போதும். வாய் அகலமான சாடி கடையில் அழகாகத் தெரியும், வீட்டில் 20 தண்டு வைத்தாலும் நிறையாது, பூக்கள் நாலாபக்கமும் சரியும். சாடி வாங்க விருப்பமில்லையா? பழைய ஹார்லிக்ஸ் போத்தலே நல்ல பூச்சாடி. பித்தளைச் செம்பில் வைக்க ஆசை இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி அதில் பூவை வையுங்கள். கீழே சொல்லப்போகும் பூ உணவில் எலுமிச்சைச் சாறும் பிளீச்சும் இருக்கின்றன. இரண்டும் பித்தளையை அரிக்கும்.

வெட்டுவதற்குக் கூரான கத்தி அல்லது தோட்டக் கத்தரி. சமையலறைக் கத்தரிக்கோல் மெல்லிய தண்டுக்குப் பரவாயில்லை, ரோஜா போன்ற கட்டையான தண்டை அது நசுக்கிவிடும். நசுங்கிய தண்டில் நீர்க்குழாய்கள் மூடிக்கொள்ளும். கூடவே ஒரு வாளி, ஒரு தேக்கரண்டி, நிறமற்ற ஒட்டுநாடா.

சாடி பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும் முதலில் கழுவுங்கள். போன தடவைப் பூவின் பாக்டீரியா உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து அலசி, 1 லிட்டர் தண்ணீருக்கு 2 தேக்கரண்டி பிளீச் கலந்து 10 நிமிடம் ஊற்றி வைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். கை நுழையாத குறுகிய கழுத்தா? ஒரு பிடி பச்சரிசியும் சில சொட்டு சோப்பும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். அரிசி உள்ளே தேய்த்துக்கொடுத்துவிடும்.

இலையை உருவி, தண்டை வெட்டுவது

வாளியில் ஒரு சாண் உயரத்துக்குக் குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரே போதும். போத்தல் தண்ணீரும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம்.

கட்டியிருக்கும் ரப்பர் வளையம், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆர்க்கிட் தண்டின் நுனியில் சின்ன பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கும், அதைக் கழற்றுங்கள். பலர் அதோடேயே சாடியில் இறக்கிவிடுகிறார்கள். அந்தக் குழாயில் உள்ள ஒரு மடக்குத் தண்ணீர் தீர்ந்ததும், சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் நிற்கும்.

அடுத்து, சாடிக்குள் தண்ணீரில் மூழ்கப்போகும் பகுதியில் உள்ள இலைகள் அத்தனையையும் உருவுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் இலை இந்தச் சூட்டில் ஒரே நாளில் அழுகத் தொடங்கும். அந்த அழுகல்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. பாக்டீரியா பெருகி, தண்டின் நீர்க்குழாய்களை அடைக்கும். தண்ணீரில் நின்றுகொண்டே பூ வாடுவது இதனால்தான். சாமந்தியில் அடி மூன்றில் இரண்டு பங்கு இலையை எடுத்துவிடலாம், பூவைவிட இலைதான் அதில் முதலில் மஞ்சளாகும். ரோஜாவின் முள்ளை மட்டும் முழுக்கச் சுரண்ட வேண்டாம். தோலோடு உரிந்து காயமாகும். தண்ணீருக்குள் போகும் பகுதியிலும் கை பிடிக்கும் இடத்திலும் எடுத்தால் போதும். ரோஜாவின் வெளி இதழ் ஒன்றிரண்டு கசங்கியோ பச்சை கலந்தோ இருக்கும், அதைக் கிள்ளிவிடுங்கள். உள்ளே இருக்கும் பூ புத்தம்புதிதாகத் தெரியும்.

இப்போது வெட்டு. அடியிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர், சாய்வாக, ஒரே வெட்டில். சாய்வு எதற்கு என்றால், நேராக வெட்டிய தண்டு சாடியின் அடித்தளத்தில் அப்படியே தட்டையாக உட்கார்ந்து வழியை மூடிக்கொள்ளும். வெட்டிய உடனே தண்ணீரில் போடுங்கள். வெளியில் வைத்தால் வெட்டுவாய் வழியாகக் காற்று உள்ளே ஏறி, குழாயில் குமிழியாக நின்று தண்ணீரைத் தடுக்கும். பத்துத் தண்டையும் வெட்டி மேசையில் பரப்பிவிட்டு, பிறகு மொத்தமாக அள்ளித் தண்ணீரில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. கார்னேஷன் தண்டில் கணு கணுவாக இருக்கும். கணுவில் வெட்டாமல் இரண்டு கணுவுக்கு நடுவே வெட்டினால் நன்றாகக் குடிக்கும். கட்டைத் தண்டின் அடியைச் சுத்தியலால் நசுக்கச் சொல்லும் பழைய ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

வெட்டிய தண்டுகளை வாளியிலேயே 2 மணி நேரம் நிழலில், காற்றாடிக்கு எட்டாத இடத்தில் விடுங்கள். குளியலறை நல்ல இடம். இந்த ஓய்வைத் தவிர்த்துவிட்டு நேரே அடுக்கினால் பாதிப் பூ குனிந்தும் பாதி நிமிர்ந்தும் நிற்கும், என்ன அடுக்கினாலும் கோணலாகத் தெரியும்.

பூ உணவு

கொத்தோடு ஒரு சிறு பொட்டலம் கொடுத்தால் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பொட்டலம் இல்லையென்றால் வீட்டிலேயே கலக்கலாம். 1 லிட்டர் தண்ணீர், 1 தேக்கரண்டி சீனி, 2 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச். சீனி பூவுக்கு உணவு. புளிப்பு, தண்ணீர் தண்டில் எளிதாக ஏற உதவும். பிளீச் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும். மூன்றும் சேர்ந்தால்தான் பயன். சீனியை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்கு விருந்து வைத்ததாகிவிடும், வெறும் தண்ணீரே மேல்.

கலக்கும் வரிசை முக்கியம். முதலில் முழு லிட்டர் தண்ணீர், அதில் சீனியும் சாறும், கடைசியாக பிளீச். பிளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் தண்ணீரில்லாமல் ஒன்றாக ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அஸ்பிரின் மாத்திரை, செப்புக் காசு போன்ற வைத்தியங்களை நம்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஊற்றுங்கள். ஜெர்பெரா மட்டும் விதிவிலக்கு: அதன் தண்டில் மெல்லிய ரோமம் உண்டு, ஆழமான தண்ணீரில் தண்டே அழுகிக் குழையும். அதற்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் போதும், தினமும் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம்.

அடுக்குவது

5 கிளைச் சாமந்தி, 3 மொகாரா, 4 பாண்டான் இலை என்று வைத்துக்கொள்வோம். பாண்டான் ஈரச்சந்தையில் மலிவு, வாடாமல் நிற்கும், சமையலுக்கு வாங்கியதிலேயே நான்கை எடுத்துக்கொள்ளலாம். நிறத்தில் பெரிய யோசனை வேண்டாம்: ஆரஞ்சு மொகாராவுக்கு மஞ்சள் சாமந்தி, ஊதா டென்ட்ரோபியத்துக்கு வெள்ளை. ஐந்து நிறத்தை ஒரே சாடியில் சேர்த்தால் கடைவாளிபோல இருக்கும்.

சாடியின் வாய் விளிம்பைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒட்டுநாடா ஒட்டாது. விளிம்பின் குறுக்கே 3 பட்டை, நெடுக்கே 3 பட்டை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டினால் ஒரு கட்டம் கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தண்டு நிற்கும், சரியாது. பச்சை நிற நுரைக்கட்டி வாங்கத் தேவையில்லை. வீட்டுச் சாடிக்கு அது வீண் செலவு, ஒருமுறைதான் பயன்படும், பொடியாக உதிர்ந்து குழாயில் போவது பிளாஸ்டிக்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்துவிடுங்கள். சாடியை மேசை விளிம்பில் வைத்து, தண்டைப் பக்கத்தில் பிடியுங்கள். சாடிக்கு மேலே தெரியும் பூப்பகுதி சாடியின் உயரத்துக்குச் சமமாகவோ ஒன்றரை மடங்காகவோ இருக்கலாம். 20 சென்டிமீட்டர் சாடிக்கு மேலே 20 முதல் 30 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே முழங்கையை மேசையில் ஊன்றி முஷ்டியை உயர்த்திப் பாருங்கள், அதற்குமேல் பூ போகக்கூடாது. எதிரில் இருப்பவர் முகம் மறையும். எப்போதும் நினைத்ததைவிட 2 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டே வெட்டுங்கள்.

முதலில் இலை. இரண்டு பாண்டானைப் பின்பக்கம் நிமிர்த்தியும் இரண்டை வளைத்து நுனியைக் கட்டத்துக்குள் சொருகியும் வையுங்கள். அடுத்து உயரமான மொகாரா ஒன்று, நடுவிலிருந்து சற்றுப் பின்தள்ளி. இரண்டாவது மொகாரா அதன் முக்கால் உயரத்தில் இடப்பக்கம் சாய்ந்து, மூன்றாவது பாதி உயரத்தில் வலப்பக்கம் முன்னால். மூன்றும் ஒரே உயரத்தில் நின்றால் பள்ளி அணிவகுப்புபோல இருக்கும், அதைத்தான் தவிர்க்கிறோம். தண்டுகளைச் செங்குத்தாக இறக்காமல் சாய்த்து, எதிர்ப்பக்க அடியைத் தொடும்படி இறக்குங்கள். தண்ணீருக்குள் ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்ளும். பிறகு சாமந்தி. மொகாராவுக்குக் கீழே, இடைவெளிகளில், ஒன்றை மட்டும் விளிம்பை ஒட்டித் தாழ்வாக. இரண்டு தண்டுக்கு ஒருமுறை சாடியைத் திருப்பிப் பாருங்கள். ஒட்டுநாடா தெரியும் இடத்தை ஒரு சாமந்தியோ இலையோ மறைத்துவிடும்.

இன்னும் ஏதாவது சொருகலாமே என்று கை பரபரக்கும்போது நிறுத்துங்கள். பூவுக்கும் பூவுக்கும் நடுவே காற்று போக இடம் வேண்டும், நெருக்கினால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

சில பூக்களின் தனிக்குணம்

லில்லி விரியத் தொடங்கியதுமே உள்ளிருக்கும் மகரந்தப் பைகளை டிஷ்யூத் தாளால் பிடித்து எடுத்துவிடுங்கள். அந்தக் காவிப்பொடி சட்டையில் பட்டால் தேய்க்கக்கூடாது, ஈரமும் படக்கூடாது. ஒட்டுநாடாவை ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். அதன் மகரந்தமும் இலையும் சாடித் தண்ணீரும்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கும்.

தாமரை மொட்டைத் தண்ணீரில் வைத்துவிட்டு விரியும் என்று காத்திருந்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து அடியில் செருகுங்கள், விரிந்த தோற்றம் வந்துவிடும். 2 நாள், மிஞ்சினால் 3 நாள்.

தெளிக்கக்கூடாது என்ற விதியை ஹைட்ரேஞ்சியா வாடினால் மட்டும் மீறலாம். பூத்தலையை அப்படியே தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுத்தால் நிமிரும், இதழ் வழியாகவும் அது குடிக்கும். ஆர்க்கிட்டின் நடுவே சிறு மூக்குபோல் இருக்கும் தூணைக் கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் நுனி மூடி விழுந்துவிட்டால், மகரந்தச் சேர்க்கை முடிந்ததென்று எண்ணிக்கொண்டு அந்தப் பூ வாடத் தொடங்கும். ஆர்க்கிட், அந்தூரியம், ஹெலிகோனியா மூன்றும் வெப்ப நாட்டுப் பூக்கள். இரவில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கறுத்துப்போகும்.

வைக்கும் இடம்

காற்றாடிக்கு நேர்கீழே, குளிரூட்டியின் காற்று வீசும் வழியில், மேற்கு வெயில் அடிக்கும் சன்னலோரம், சூடேறும் தொலைக்காட்சிக்குப் பக்கம்: இவை நான்கும் ஆகாது. பூ குடிப்பதைவிட வேகமாக ஈரத்தை இழக்கும்.

நம் வீடுகளில் பூ அதிகம் போகும் இடம் சாமி மாடம், அங்கே ஒரு மறைமுகமான சிக்கல் உண்டு. பக்கத்திலேயே வாழைப்பழச் சீப்பு இருக்கும். பழுக்கும் வாழையும் மாம்பழமும் பப்பாளியும் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது பூவை முதுமையாக்கும். கார்னேஷனும் ஆர்க்கிட்டும் இதற்கு மிகவும் நோஞ்சான். காலையில் வைத்த ஆர்க்கிட் மறுநாள் மடமடவென்று உதிர்வதற்குப் பழத்தட்டு காரணமாக இருக்கலாம். ஊதுபத்திப் புகையிலும் எத்திலீன் உண்டு. பூசை முடிந்ததும் பழத்தை எடுத்து வேறிடத்தில் வையுங்கள், அல்லது மாடத்தில் ஒரு தண்டை மட்டும் வைத்துவிட்டுச் சாடியைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை

தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பூவுக்காக மட்டுமல்ல. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய தண்ணீரைத்தான் தேடும். 20 காசு நாணயத்தின் அளவு தண்ணீரே அதற்குப் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம்தான். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் சோதிக்கும் இடங்களில் பூச்சாடியும் ஒன்று, வீட்டில் கொசு உற்பத்தியானால் முதல்முறையே 200 வெள்ளி அபராதம். பழைய தண்ணீருக்கு மேல் புதுத் தண்ணீர் ஊற்றுவது மாற்றியதாகாது. ஏடிஸ் நீர்மட்டத்துக்கு மேலே சாடிச் சுவரில் முட்டை ஒட்டும், காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே முழுக்கக் கொட்டி, உள்சுவரைத் துணியாலோ தூரிகையாலோ தேய்த்து, அலசி, புதிதாக நிரப்புங்கள். போத்தலில் மணி பிளான்ட் வளர்ப்பவர்கள் வேரையும் அலச வேண்டும்.

தண்ணீர் மாற்றும்போது ஒவ்வொரு தண்டிலும் 1 சென்டிமீட்டர் வெட்டி, வாடிய பூவைக் கிள்ளுங்கள். அடுக்கியது கலையும் என்ற பயமிருந்தால், ஒட்டுநாடாவின் மேலேயே கொத்தாகக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, அப்படியே ஒரு டம்ளரில் நிறுத்திவிட்டுச் சாடியைக் கழுவலாம். நாடா கிழிந்தால் புதிதாக ஒட்டுங்கள்.

வாடுகிறதே, என்ன செய்வது

ரோஜா வாங்கிய மறுநாளே கழுத்து மடிந்து தொங்கினால் அது முதுமையல்ல, அடைப்பு. அடியில் 3 சென்டிமீட்டர் வெட்டி, தலையும் தண்டும் நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, கழுத்துவரை தண்ணீரில் 2 மணி நேரம் நிறுத்துங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். எழாவிட்டால் தலையை மட்டும் வெட்டி, அகலமான கிண்ணத்தில் தண்ணீரில் மிதக்கவிடுங்கள்.

ஒரே நாளில் தண்ணீர் கலங்கி நாறுகிறதென்றால் எங்கோ ஒரு இலை மூழ்கியிருக்கிறது, இல்லையென்றால் சாடி சரியாகக் கழுவப்படவில்லை. சாமந்தியில் பூ நன்றாக இருந்து இலை மட்டும் மஞ்சளானால் கவலை வேண்டாம், இலையை உருவிவிட்டு வைத்துக்கொள்ளலாம். ஆர்க்கிட்டில் அடிப்பூக்கள் ஒவ்வொன்றாகப் போவது இயல்பு. அவற்றைக் கிள்ளி, தண்டைக் குட்டையாக்கி, மேல் மூன்று நான்கு பூவை ஒரு சின்ன டம்ளரில் வைத்தால் இன்னும் சில நாள் ஓடும்.

எல்லாம் முடிந்ததும் பிளீச் கலந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் கழிவறையில் கொட்டுங்கள். ஒட்டுநாடாவை உரித்து, சாடியைத் தேய்த்துக் கழுவி, அடுத்த பூ வரும்வரை கவிழ்த்தே வையுங்கள்.